இது எந்த வகை, அண்ணாச்சி?

டீச்சர் எந்தப் பொருளையும் சட்டென்று கையில் எடுக்க மாட்டார். தள்ளி நின்று, தலையைச் சற்றுச் சாய்த்து, "இது எந்த வகை, அண்ணாச்சி?" என்று கேட்பார். பதில் கிடைத்த பிறகுதான் தொடுவார். இரண்டு வருஷம் என் கடையில் இருந்தார். அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் விட்டவன் நான். இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது?

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் என் வாடகைக் கடை. கல்யாணப் பாத்திரம், நாற்காலி, பந்தல், ஜெனரேட்டர், சமையலுக்கு ஆள் எல்லாம் உண்டு. படிப்பு நாலாம் வகுப்பு. பன்னிரண்டு வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவன். சாலை மார்க்கெட்டில் முதுகில் மூட்டை சுமந்தேன். பிறகு பாயசம் காய்ச்சுகிற பெரிய வெண்கல உருளி இரண்டு வாங்கி வாடகைக்கு விட்டேன். இரண்டு இருபதானது, இருபது இருநூறானது. என் உருளி ஏறாத கல்யாண மண்டபம் திருவனந்தபுரத்தில் அப்போது கிடையாது. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், பெருமைதான். பி.ஏ. படித்தவர்கள் என் கடையில் கைகட்டி நின்றிருக்கிறார்கள்.

கரமனையில் இன்னொரு வாடகைக் கடைக்காரர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். நான் இரண்டு வாங்கினேன். வாங்கி மூன்று மாதம் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். அப்போதுதான் டீச்சரைச் சொன்னார்கள். ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்துப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். ஊருக்கு வெளியே பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை பார்த்தவர். தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது. வாரத்துக்கு இரண்டு காலை அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், ரத்தத்தைச் சுத்தம் செய்து கூட்டி வர வேண்டும். தாய் தகப்பன் இல்லை. கம்பெனி வேலையை விட்டுவிட்டார். கிழக்கேகோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சாயங்காலம் பாடம் எடுத்தார், அதனால் டீச்சர். என் கடை அவர் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். காலை பதினொன்றுக்கு வந்தால் நாலு மணி வரை இருப்பார். தம்பியின் ஆஸ்பத்திரி நாட்களில் வர மாட்டார்.

வந்த முதல் வாரம் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. குடோனில் நோட்டும் பென்சிலுமாகச் சுற்றினார். அண்டாவைப் பார்ப்பார், கேட்பார். ஜமக்காளத்தைப் பார்ப்பார், கேட்பார். லோடிங் ஆட்களுக்கு நல்ல வேடிக்கை. ஒருத்தன் தன் நெஞ்சைத் தட்டி, "டீச்சரே, ஞான் எந்தா வகை?" என்றான்.

"நீயா? திருப்பிக் குடுக்கறச்சே ஒடஞ்சிருக்கற வகை" என்றார் டீச்சர், நோட்டிலிருந்து தலை நிமிராமல்.

அன்றிலிருந்து குடோனில் அவருக்குத் தனி மரியாதை.

பத்து நாளில் ஒரு பெரிய தாளில் மரம் மாதிரி வரைந்து என் மேஜையில் விரித்தார். உச்சியில் 'சாமான்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பாத்திரம், இருக்கை, பந்தல், மின்சாரச் சாமான். பாத்திரத்துக்குக் கீழே உருளி, அண்டா, கரண்டி.

"கேட்டேளா அண்ணாச்சி, சாமான்னு இருக்கறது எல்லாத்துக்கும் நம்பர் உண்டு, வாடகை உண்டு, எந்த மண்டபத்துக்குப் போயிருக்குன்னு உண்டு. அதை மேலே ஒரு தரம் எழுதினாப் போதும், கீழே இருக்கறதுக்கெல்லாம் தானே வந்துடும். உருளிக்கு மட்டும் எத்தனை படி கொள்ளும்னு தனியா. ஜெனரேட்டருக்கு டீசல் தனியா. மேலே நின்னு 'சாமான் எல்லாம் வா'ன்னா அத்தனையும் வரும். கீழே போய் 'உருளி வா'ன்னா உருளி மாத்திரம்."

"சமையல்காரனும் கல்யாணத்துக்குப் போறான், திரும்பி வாறான். அவனுக்கும் வாடகை மாதிரிதான் கொடுக்கேன். அவனையும் இதுல ஒரு ஓரமாப் போட்டிரு டீச்சர்."

டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார். "அப்படிப் பறையப்படாது அண்ணாச்சி. மனுஷாளை சாமானுக்குக் கீழே நான் போட மாட்டேன்."

"மிஷினுக்கு என்ன தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

இன்னொரு தாள் எடுத்தார். அதன் உச்சியில் 'ஆள்' என்று எழுதினார். கீழே சமையல், டிரைவர், லோடிங், ஆபீஸ். எல்லா ஆளுக்கும் பெயர், விலாசம், வீட்டில் அவரை நம்பி இருப்பவர்கள். டிரைவருக்கு மட்டும் லைசென்ஸ் நம்பர். என்னை எதிர்த்துப் பேசிக் கடையில் அவ்வளவு நேரம் யாரும் நின்றதில்லை. நான் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

அவர் செய்த வேலையை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் கட்டம் கட்டமாகப் பட்டியல் இருக்கிறது. அதற்குள் டீச்சர் நேரே கை விட மாட்டார். நடுவில் ஒன்றை வைத்திருந்தார், அதற்கு ஓ.ஆர்.எம். என்று பெயர். எனக்கு அது மேஸ்திரி மாதிரி பட்டது. மேஸ்திரியிடம் 'உருளி எல்லாம் கொண்டு வா' என்றால் போதும், எந்தப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் கிடக்கிறது என்பது மேஸ்திரியின் பாடு. ஆரம்பத்தில் ஒவ்வொரு வகைக்கும் தனிப் பட்டியல் போட்டிருந்தார். 'சாமான் எல்லாம்' என்று மேலே நின்று கேட்டால் மேஸ்திரி அத்தனை பட்டியலிலும் ஏறி இறங்கி வருவதற்குள் நான் ஒரு சாயா குடித்து முடித்துவிடுவேன். கோபம் வந்தது எனக்கு. உடனே மாற்றினார். சாமான் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொட்டி, ஓரத்தில் 'வகை' என்று ஒரு கட்டம் வைத்தார். கேட்ட கணத்தில் வந்தது.

"ஆனா ஒரு கண்டிஷன் அண்ணாச்சி. அந்த வகைக் கட்டத்தை யாரும் காலியா விடப்படாது."

விட்டோம். என் ஆபீஸில் மணியன் என்று ஒருவர், கணக்கெழுதப் பிறந்தவர். புதிதாக வாங்கிய பன்னிரண்டு உருளியை டீச்சர் வராத ஒரு நாளில் அவரே நேராகப் பட்டியலில் ஏற்றினார், மேஸ்திரியைக் கேட்காமல். நம்பர் போட்டார், வாடகை போட்டார், வகைக் கட்டம் எதற்கு என்று விட்டுவிட்டார். ஆவணி மாதம், ஒரே நாளில் ஒன்பது கல்யாணம், பழைய உருளி எல்லாம் வெளியே போயாயிற்று. உருளி எத்தனை கையிருப்பு என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்கிறது கம்ப்யூட்டர் பெட்டி.

தலைச் சமையல்காரர் வாசலில் நின்று கத்தினார்: "அண்ணாச்சி, உருளி என் கால்ல இடிக்குது. உங்க பெட்டி இல்லைங்குது. நான் காலை நம்பவா, பெட்டியை நம்பவா?"

'சாமான் எல்லாம்' என்று மேலே நின்று கேட்டுப் பார்த்தார் மணியன். அதுவும் வரவில்லை. திரை முழுக்க ஆங்கிலத்தில் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டது. மறுநாள் டீச்சர் வந்து பார்த்தார். மணியனைத் திட்டவில்லை. பன்னிரண்டு கட்டத்திலும் 'உருளி' என்று எழுதிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வகை இல்லாம ஒண்ணை உள்ளே விட்டா, கீழேருந்து தேடறவா கண்ணுக்கு அது படாது. மேலேருந்து தேடினா, இது என்னன்னு தெரியாம எல்லாமே நின்னு போகும். பாவம், அது மேல குத்தம் இல்லை. அங்கேதான் இருக்கு அது."

உருளிக்காக அவர் பாவம் என்று சொன்னது எனக்கு அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது.

தம்பி ஒரே ஒரு தடவை கடைக்கு வந்தான். மெலிந்த பையன், இருபத்தாறு வயது. இடது கையில் ஊசி போட்டுப் போட்டு நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. வாடகை நாற்காலி ஒன்றை அவனே விரித்து உட்கார்ந்து, அக்காளைச் சீண்டினான்.

"அக்கா, இந்த மரத்தில என்னை எங்கே போட்டிருக்கே?"

"நீ வாடகைக்குப் போகாத சாமான். பேசாம இருடா."

"மனுஷாளை சாமான்னு சொல்லப்படாதுன்னு அண்ணாச்சிகிட்ட சண்டை போட்டியாமே?"

குடோனே சிரித்தது. டீச்சர் அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் அளந்து கொடுத்தார். அளந்துதான் குடிக்க வேண்டும் அவனுக்கு. அவன் ஒரு மடக்கில் குடித்துவிட்டு, காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த சித்திரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் சேர்த்து ஒரு திட்டம். வருஷத்துக்கு ஒரு தொகை நான் கட்டிவிட்டால், ஒவ்வொரு ஆளுக்கும், அவர் வீட்டில் அவரை நம்பி இருக்கும் இரண்டு பேருக்கும் கார்டு. கார்டைக் காட்டினால் உள்ளே எடுத்துவிடுவார்கள், முன்பணம் கேட்க மாட்டார்கள்.

டீச்சர் பக்கத்தில் நின்றிருந்தார். "முன்னாடியே இருக்கற வியாதிக்கும் உண்டா சார்?" என்று கேட்டார்.

"உண்டு மேடம். லிஸ்டில் பேர் இருந்தால் மதி, வேறொன்றும் வேண்டாம்."

கொஞ்ச நேரம் கழித்து அதையே இன்னொரு தரம் கேட்டார். அதிகாரி அதே பதிலைச் சொன்னார்.

நான் உடனே ஒத்துக்கொண்டேன். மூட்டை தூக்கிய காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தால் பார்க்க நாதி கிடையாது. என் ஆட்களுக்கு அந்த நிலை வரக்கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் வேண்டும் என்றார்கள். டீச்சர் மேலே நின்று 'ஆள் எல்லாம் வா' என்று கேட்டார். சமையல், டிரைவர், லோடிங், ஆபீஸ் என்று நாற்பத்தொரு பெயர், அவரவர் வீட்டாரோடு அச்சாகி வந்தது. இரவுக் காவல்காரன் பெயர்கூட இருந்தது. டீச்சர் பெயர் இல்லை. அவர் சம்பளத்தை நான் கவரில் வைத்துக் கையில் கொடுத்து வந்தேன், எந்தப் பட்டியலிலும் ஏற்றவில்லை.

தாளை என் முன்னால் வைத்துவிட்டு நின்றார்.

"அண்ணாச்சி, நான் எந்த வகை?"

நான் சிரித்தேன். "நீ என்ன வகை? நீ நம்ம வீட்டுப் பிள்ளை. லோடிங்காரன் கூட உன் பேரையும் வரிசையா எழுதணுமா? நாலு பேரு பார்த்தா என்ன நினைப்பான், அண்ணாச்சி அக்ரஹாரத்துப் பிள்ளையைக் கூலி லிஸ்டில போட்டுட்டான்னு சொல்ல மாட்டானா?"

உண்மையில் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஆட்களிடம் அது ஒரு வழக்கம். சொந்தக்காரன் கடையில் வேலை செய்தால் அவன் பெயரை ஆள் புஸ்தகத்தில் எழுத மாட்டோம். எழுதினால் அவனைத் தள்ளி வைத்த மாதிரி. என் அக்காள் மகன் எட்டு வருஷம் என் கடையில் இருந்தான், ஒரு தாளிலும் அவன் பெயர் கிடையாது. அது அவனுக்கு நான் செய்த மரியாதை. டீச்சருக்கும் அதே மரியாதையைத்தான் செய்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை.

"அண்ணாச்சி, லோடிங்கில் போட வேண்டாம். ஆபீஸில் வேண்டாம். 'ஆள்'ங்கறதுக்குக் கீழே புதுசா ஒரு வகை நான் உண்டாக்கறேன். அதில் நான் ஒருத்தி மாத்திரம். யாரோடயும் சேராது. தம்பிக்காகத்தான் கேக்கறேன். சொன்னேள்னா அஞ்சு நிமிஷம்."

"தம்பிக்கு நான் இருக்கேன்லா? கார்டு எதுக்கு? அந்த ஆஸ்பத்திரிக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கே நம்ம பந்தல்தான். போ, போய் வேலையைப் பாரு."

"இருந்தாலும், அண்ணாச்சி..."

"என்னை நம்ப மாட்டியா நீ?"

நாற்பத்தொரு பெயரோடு பட்டியல் போனது.

ஆடியில் ஊரில் எங்கள் குலசாமிக்குக் கொடைத் திருவிழா. பத்து நாள் அங்கேதான் இருப்பேன். நான் இல்லாமல் கொடை நடக்காது. மூன்றாம் நாள் காலை செல்போன் அடித்தது. டீச்சர்.

"அண்ணாச்சி, தம்பிக்கு மூச்சு முட்டறது. அந்தக் கார்டு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்திருக்கேன். கௌண்டரில் கார்டு கேக்கறா."

"என் பேரைச் சொல்லு."

"சொன்னேன். லிஸ்டில் என் பேர் இருக்கான்னு பார்க்கறா. இல்லையே, அண்ணாச்சி. முன்பணம் கட்டச் சொல்றா. அத்தனை என் கையில்..."

"பழவங்காடி அண்ணாச்சின்னு சொல்லும்மா. தெரியாதவன் எவன் இருக்கான் திருவனந்தபுரத்தில? தைரியமாச் சொல்லு. இங்க மேளம், ஒண்ணும் கேக்கல. அப்புறம் கூப்பிடுதேன்."

வைத்துவிட்டேன். மேளத்தில் காது கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். மேளம் அப்போது நின்றிருந்தது. மேளக்காரர்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. சொந்தபந்தம் சுற்றி உட்கார்ந்திருக்க, என் பெயர் ஓர் இடத்தில் செல்லவில்லை என்பதை அவர்கள் முன்னால் காதில் வாங்க எனக்கு மனமில்லை. அவ்வளவுதான். மணியனைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

டீச்சர் கூடப் போயிருந்த பக்கத்து வீட்டு மாமா பிறகு எனக்குச் சொன்னார். கௌண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாளாம். கம்ப்யூட்டரில் மூன்று தரம் தேடிப் பார்த்தாளாம். "சேச்சி அவிடெ எந்தாணு? ஸ்டாஃபாணோ?" என்று கேட்டாளாம், அந்தக் கடையில் நீங்கள் யார், வேலை பார்ப்பவரா என்று. பிறகு ஆட்டோ பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே உடனே எடுத்தார்கள், முடிந்ததையெல்லாம் செய்தார்கள். போய்ச் சேர்ந்த நேரம் பிந்திவிட்டது. மறுநாள் மத்தியானம் பையன் போய்விட்டான்.

கொடையைப் பாதியில் விட்டு ஓடி வந்தேன். ஸ்ரீவராகத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். கடைசியில் நான் கேட்டது என்ன தெரியுமா? அதையும் அவர் மேல்தான் போட்டேன்.

"டீச்சர், பெட்டி உன் கையிலதான இருந்தது? நீயே உன் பேரை ஏத்தியிருக்கலாமே. எனக்குத் தெரியவா போகுது?"

டீச்சர் என்னை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"நீங்க வேண்டாம்னேளே, அண்ணாச்சி."

பதிமூன்றாம் நாள் கழிந்து கடைக்கு வந்தார். ஒரு வாரம் மணியனுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தார். எதையும் காலியாக விடக்கூடாது என்று நாலு தரம் சொன்னார். என்னிடம் வழக்கம்போலத்தான் பேசினார், கேள்வி மட்டும் கேட்கவில்லை. புதிதாக ஒரு ஸ்டீல் அடுக்கு வந்து இறங்கியது. பார்த்தார், பேசாமல் அதைச் சுற்றிக்கொண்டு போனார். சனிக்கிழமை சாவிக்கொத்தை மேஜையில் வைத்தார். பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஸ்ரீவராகத்து வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது.

கடை வளர்ந்தது. இன்னும் இரண்டு குடோன் பிடித்தேன். ஐந்தாறு வருஷம் கழித்துப் பழைய பெட்டிகளை மாற்றவேண்டி வந்தது. ஒரு கம்பெனியிலிருந்து என் மகன் வயதுக்காரர் ஒருவர் வந்து, டீச்சர் எழுதியதையெல்லாம் இரண்டு நாள் படித்தார். மலையாளிதான், தமிழும் பேசுவார்.

"அண்ணாச்சி, இது எழுதினது ஆரு? நல்ல விருத்தியா, சுத்தமா எழுதியிருக்கு. ஒரே ஒரு சம்சயம்."

"என்னது?"

"ஆளுக்குக் கீழே சமையல், டிரைவர், லோடிங், ஆபீஸ், இதுக்கெல்லாம் ஆள் உண்டு. அஞ்சாவதா ஒண்ணு இருக்கு, 'கம்ப்யூட்டர் ஆள்'னு. அதில ஒருத்தரும் இல்லை. ஒருநாளும் இருந்தில்லை."

"எப்போ போட்டது?"

பார்த்துச் சொன்னார். பட்டியல் கொடுக்க வேண்டிய அந்த வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை மணி. மத்தியானம் என்னிடம் கேட்க வருவதற்கு முன்பே டீச்சர் அதைச் செய்து வைத்திருக்கிறார். என் வாயிலிருந்து ஒரு 'சரி' வந்தால் பெயரை எழுதிவிடலாம் என்று.

"அது அங்க கிடந்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. நீங்க 'ஆள் எல்லாம் வா'ன்னு கேக்கும்போதெல்லாம் அந்த வகையையும் தேடும். யாரும் இல்லேன்னு திரும்பி வரும். அவ்வளவுதான். எடுத்துக் களையட்டா?"

மாதா மாதம் சம்பளத்துக்கு 'ஆள் எல்லாம்' என்றுதான் கேட்போம். ஓணத்துக்கு வேட்டி எடுக்கக் கேட்போம், கார்டு புதுப்பிக்கக் கேட்போம். இத்தனை வருஷமும் ஒவ்வொரு தடவையும் போய் அவரைத் தேடியிருக்கிறது.

"களைய வேண்டாம்" என்றேன். "ஒரு பேர் சொல்லுதேன். அதில எழுதும்."

டீச்சரின் பெயரைச் சொன்னேன். எழுத்துத் தப்பிவிடக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னேன். அவர் தட்டினார். ஸ்ரீவராகத்துத் தெருவையும் பழைய வீட்டு எண்ணையும் சொன்னேன். அதையும் தட்டினார். பிறகு அடுத்த கட்டத்துக்குப் போய், விரலைத் தயாராக வைத்துக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"இவரை நம்பி வீட்டில ஆரு இருக்கா, அண்ணாச்சி?"